ஏழாம் வகுப்புப் பாறைப் பாடம்: பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது? (பெங்களூரு)

மல்லேஸ்வரம்_டீச்சர்:
ஏழாம் வகுப்புப் புவியியலில் பாறைகளுக்கு 40 நிமிஷப் பீரியட் இரண்டுதான். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். ஒரு கல்லை நீட்டினால் முழிக்கிறார்கள். லேப் கிடையாது. என்ன செய்யலாம்? லால்பாக் கூட்டிப்போனால் பிரயோஜனம் உண்டா?

கல்லுளிமங்கன்:
ஜிகணி பக்கம் கிரானைட் பட்டறைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள் மேடம். குழுவுக்கு நான்கு போதும்: சாம்பல் கிரானைட், கடப்பா (கருநிறச் சுண்ணாம்புக் கல்), வெள்ளை மார்பிள், தோல்பூர் மணற்கல். கறுப்பு ‘கிரானைட்’ வேண்டாம். அது பெரும்பாலும் டோலரைட் என்ற வேறு தீப்பாறை, கிரானைட்டில் இருக்கிற குவார்ட்ஸை (கண்ணாடி மாதிரி இருக்கும் கடினமான கனிமம்) அதில் தேடி ஏமாந்துபோவார்கள்.

பாலிஷ் போடாத பக்கத்தில் இரும்பு ஆணியால் கீறச் சொல்லுங்கள். கடப்பாவிலும் மார்பிளிலும் கோடு விழும். கிரானைட்டின் குவார்ட்ஸிலும் பளபளவென்று ஒரு கோடு தெரியும். அது கீறல் இல்லை, ஆணி தேய்ந்து ஒட்டிய இரும்பு. நகத்தை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் தட்டாது. மணற்கல்லில் மணி உதிர்வதைப் பார்த்து ‘மெத்தென்ற கல்’ என்று எழுதிவிடுவார்கள். உதிர்வது பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், மணிகளைப் பிணைக்கிற ஒட்டுதான் பலவீனம்.

அடுத்து வினிகர். கல் மேல் அப்படியே விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். கடப்பாவையும் மார்பிளையும் சுரண்டி, அந்தப் பொடியில் இரண்டு சொட்டு விட்டு லென்ஸில் பார்க்கட்டும், இரண்டிலும் கால்சியம் கார்பனேட் இருப்பதால் குமிழி தெரியும். ஒப்பிட்டுக் காட்ட சாக்பீஸை நம்பாதீர்கள், சாதாரண சாக்பீஸ் ஜிப்சம், பொங்காது.

நைஸ்_பாறை:
லால்பாக் கட்டாயம் போங்கள், ஆனால் கல் சுடுவதற்குள், காலையிலேயே. கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை தீபகற்ப நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய, வரி வரியான பாறை), சுமார் 300 கோடி வருஷம் பழசு. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம், அதனால் சுத்தியல் கூடாது. தண்ணீர் பாட்டில் போதும்: நனைத்தால் வரிகள் பளிச்சென்று தெரியும். வெளிர் வரி குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும், கறுப்பு வரி பயோடைட் என்கிற கறுப்பு மைக்கா. வரியைப் பார்த்ததும் பாதி வகுப்பு ‘படிவுப் பாறை’ என்று கத்தும். வரி வளைந்து நெளிகிற இடத்தைக் காட்டி, மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதை லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேலை வைத்து வரைவதும் அங்கேயே நடக்கட்டும்.

மல்லேஸ்வரம்_டீச்சர்:
300 கோடி என்றால் அவர்களுக்கு வெறும் நம்பர்தானே சார்?

நைஸ்_பாறை:
4.6 மீட்டர் நாடா எடுங்கள், 1 மி.மீ. என்பது 10 லட்சம் வருஷம். ‘இன்று’ முனையிலிருந்து 3 மீட்டரில் லால்பாக், 6.6 செ.மீ.யில் டைனோசர்களின் முடிவு, மனிதர்களுக்கு 0.3 மி.மீ. முடிச்சுப் போடாதீர்கள், நீளம் குறையும், டேப் ஒட்டுங்கள். மனிதர்களுக்கு அதுவும் வேண்டாம், ஸ்கெட்ச் பேனாக் கோடே அதைவிடத் தடிமன்.