புதுப்பிப்பு: சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்குப் போய் வந்துவிட்டேன்

எந்த மாற்றமும் செய்யாத என் டர்போ போலோ காரை ட்ராக் டேக்கு (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) கொண்டுபோகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பிரேக் ஆயிலை மாற்றிவிட்டுப் போகச் சொன்னீர்கள். மாற்றவில்லை. திட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். முதல் மூன்று சுற்றுகள் சொர்க்கம். நான்காவதில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நின்றது, நான் நினைத்த இடத்தில் அல்ல. டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155தான். என்னுடையது மூன்று வருடப் பழசு. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி. அப்புறம் மிதிப்பதெல்லாம் குமிழியை அமுக்கத்தான்.

பிரேக் சூடாக இருந்ததால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி ஆறவிட்டேன். டயர் அழுத்தம் 32 psi-இலிருந்து 39க்கு ஏறியிருந்தது, குறைத்தேன். பக்கத்து வண்டிக்கார அண்ணன் புது ஆயில் கொடுத்து, மாற்றவும் உதவினார். மதியம் ஒரு சிக்கலும் இல்லை.

எஞ்சின் போதுமா என்று கேட்டவருக்கு: அந்த 110 குதிரைத்திறனையே நான் முழுதாகப் பயன்படுத்தவில்லை. ஹெல்மெட்டை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். வாடகை ஹெல்மெட்டின் நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.