பணமூலத் திரிப்பு: ஒரு சொற்பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

குற்றவழியில் வந்த பணத்தை நேர்வழியில் வந்ததாகக் காட்டும் 'money laundering' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி வருகிறோம். அதற்குச் செய்தித்தாள்களில் வழங்கும் 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' என்பதையே ஏற்கலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. சூதாட்ட விடுதியில் நடப்பதை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன்.

போதைப்பொருள் விற்றுச் சேர்த்த பணத்தோடு வரும் ஒருவர், அதைக் கொடுத்து, பணத்துக்கு ஈடாக வைத்து ஆடும் ஆட்ட வில்லைகளை (chips) வாங்குகிறார். ரூலெட் எனும் சுழல்சக்கரச் சூதாட்ட மேசையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் சமமாகப் பணயம் கட்டி, பூச்சியம் விழுந்தாலொழிய இழப்பில்லாதபடி பேருக்குச் சில சுற்றுகள் ஆடுகிறார். பிறகு வில்லைகளைத் திருப்பிக் கொடுத்துக் காசோலையாகப் பெற்றுச் செல்கிறார். இதில் எந்தப் பரிமாற்றமும் தனித்துப் பார்த்தால் சட்டவிரோதமாகத் தெரியாது. விடுதியை யாரும் ஏமாற்றவில்லை என்பதால் 'பண மோசடி'யும் பொருந்தாது.

'பணச்சலவை' சுருக்கமான சொல். பொதுவழக்கில் அது நிலைக்கட்டும். ஆனால் சலவையில் அழுக்கு நீங்கிவிடும், இங்கே நீங்குவதில்லை. பணம் வந்த வழி மறைக்கப்படுவதோடு, 'சூதில் வென்றது' என்று வேறொரு வழியும் அதற்குக் கற்பிக்கப்படுகிறது. ஆகவே 'மூலமறைப்பு' என்பதும் பாதியைத்தான் சொல்கிறது. 'பணமூலத் திரிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

தடுப்புப் பக்கத்திலும் இச்சொல் கைகொடுக்கும். இக்குற்றத்தைத் தடுக்க 1989இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் (FATF) பரிந்துரைப்படி, 3,000 டாலர் அல்லது யூரோவை எட்டும் நடவடிக்கைகளில் சூதாட்ட விடுதிகள் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். ஐயம் மிகும் இடத்தில் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். இதனை 'மூலச் சரிபார்ப்பு' எனலாம். வென்ற தொகைக்கு மட்டுமே 'வென்ற பணம்' என்று குறித்துக் காசோலை தருவதும் மூலத்தைத் திரிக்க விடாத வழிதான். 2016இல் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து களவாடப்பட்ட 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் சென்றபோது, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து தடம் மறைந்தது. அப்போது அந்நாட்டின் தடுப்புச் சட்டம் அவ்விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை, 2017இல்தான் திருத்தினார்கள்.

அரசுக்கு அறிக்கை அளித்தாக வேண்டிய தொகை வரம்பைத் தொடாதபடி பணத்தைச் சிறுசிறு பகுதிகளாகச் செலுத்துவதற்கு (structuring) 'கூறிடல்' என்று முன்மொழியப்பட்டுள்ளது. வரம்புக்குத் தப்பும் நோக்கம் அதில் தெரியவில்லை. 'வரம்புதப்பு பிரிப்பு' சரியாக வருமா, அல்லது இன்னும் இறுக்கமான சொல் யாரிடமேனும் உண்டா?