க்ரெய்க்டாரக் கோட்டை: காசு கொடுத்துப் பார்க்கலாமா?

மழைக்கோட்டு:
கனடாவின் விக்டோரியா நகரில் இருக்கும் க்ரெய்க்டாரக் கோட்டைக்குப் போய்வந்தோம். நிலக்கரிச் சுரங்க முதலாளி ராபர்ட் டன்ஸ்முயர் 1887இல் கட்ட ஆரம்பித்த 39 அறை மாளிகை. உள்ளே நுழைந்ததும் வெள்ளை ஓக் மரப் படிக்கட்டு. நகரவே மனம் வரவில்லை. வண்ணக் கண்ணாடி சன்னல்கள் வேறு. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

தங்கவயல் பேரன்:
தவறவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. 1888 ஜனவரியில், இந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதே, அவருடைய வெலிங்டன் சுரங்கம் வெடித்து 77 பேர் செத்தார்கள். பாதிக்கு மேல் சீனத் தொழிலாளிகள். அதற்கு முன் 1877இல் வேலைநிறுத்தம் செய்தவர்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப் படையையே வரவழைத்தார்கள். என் தாத்தா கோலாரில் குழிக்குள் இறங்கியவர். எனக்கு அந்தப் படிக்கட்டை ரசிக்க வராது.

மழைக்கோட்டு:
அண்ணா, அவரும் பிறவிப் பணக்காரர் இல்லையே. 1851இல் ஸ்காட்லாந்திலிருந்து கரி வெட்ட வந்த ஆள். வெலிங்டன் கரிப்படுகையைக் கண்டுபிடித்ததே 1869இல்தான். வீடு முடியும் முன் 1889இல் இறந்தும் போனார். ஒரு ராத்திரி கூட அங்கே தூங்கவில்லை.

தங்கவயல் பேரன்:
அது இன்னும் மோசம். குழி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பழையவீட்டுப் பைத்தியம்:
இரண்டு பேரும் டன்ஸ்முயரோடு நின்றுவிட்டீர்கள். மனைவி ஜோன் 1908இல் இறந்தபின் தோட்டத்தை மனை போட்டு விற்றார்கள். மனை வாங்கியவர்களுக்குள் குலுக்கல், பரிசு அந்தக் கோட்டை! ஜெயித்தவர் அதை அடகு வைத்துக் கோட்டைவிட்டார் (வேறு சொல் கிடைக்கவில்லை). அப்புறம் போர்வீரர்களுக்கு மருத்துவமனை, 1921 முதல் 1946 வரை கல்லூரி, பிறகு பள்ளி வாரிய அலுவலகம், இசைப்பள்ளி. ஜோன் இருந்தது 18 வருடம், கல்லூரிப் பிள்ளைகள் 25 வருடம். இடித்துத் தள்ளாமல் இத்தனை கை மாறி நிற்கிறதே, அதற்காகவே நான் போவேன்.

தங்கவயல் பேரன்:
கணக்கு சரி. அதில் அந்த 77 பேரை எங்கே எழுதுவீர்கள்? வீட்டைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கட்டுக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியை அவர்களுக்கும் கொடுத்தால் நானும் டிக்கெட் எடுக்கிறேன். மழைக்கோட்டு, சுரங்கத்தைப் பற்றி உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

மழைக்கோட்டு:
உண்மையைச் சொல்கிறேன், நான் தேடவே இல்லை. மர வேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

தங்கவயல் பேரன்:
பாருங்கள், அதற்குத்தானே கட்டினார்கள்.

சின்னப்பொண்ணு:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். அம்மாவுக்கு மூட்டுவலி. லிஃப்ட் உண்டா?

மழைக்கோட்டு:
நாங்கள் போனபோது இல்லை. கோபுரம் வரை 87 படி. அம்மாவுக்கு வேண்டாம்.