நாற்காலியோடு வரவும்

புதுப்பாளையம் நம்ம தெரு (வாட்ஸ்அப் குழு, கடலூர்)

வியாழன்

ஹெச்.எம். சார் (மாலை 6:40): வரும் ஞாயிறு ஜூன் 21. சர்வதேச யோகா தினம். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்து, 2015 முதல் கொண்டாடுகிறார்கள். நம் தெருவிலும் ஏதாவது செய்யலாமே. டீச்சரம்மா நம்மிடையே இருக்கும்போது வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.

மாடி வீட்டுத் தம்பி: சூப்பர் சார். சில்வர் பீச்சில் வைத்துக்கொள்ளலாம். சூரியன் வரும் நேரத்தில் எல்லாரும் ஒற்றைக் காலில் நின்று ஒரு போட்டோ.

கோடி வீட்டு அத்தை: ஒற்றைக் காலா? இரண்டு காலில் நிற்பதே எனக்குப் பெரும்பாடு.

மருந்துக்கடை அண்ணன்: 😂

கோடி வீட்டு அத்தை: சிரிக்காதே. ஜனவரி 4 முதல் 7 வரை பாண்டியில் யோகா திருவிழா நடக்கும் இல்லையா, அதற்கு என் மகள் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனாள். மேடையில் ஒரு சின்னப் பெண் காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

யோகா டீச்சர்: அத்தை, அது போட்டி. நாம் செய்யப்போவது வேறு. சார், நான் நடத்துகிறேன். ஆனால் ஒரு நாளோடு முடிப்பதாக இருந்தால் என்னை விட்டுவிடுங்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். பெரியவர்கள் கீழே விழாமல் இருக்க, உடம்பை நிலைப்படுத்தும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒரு நாள் விழாவில் யாருடைய முட்டியும் சரியாகாது. ஒற்றைக் கால் போட்டோவும் கிடையாது தம்பி, கோபித்துக்கொள்ளாதே.

பூக்கார அக்கா (இரவு 8:15): பீச் என்றால் நான் வரவில்லை. நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள்.

மாடி வீட்டுத் தம்பி: ஏன் அக்கா, ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

பூக்கார அக்கா: அதற்கில்லை தம்பி. நான் பிறந்தது அந்த பீச் இருக்கிற தேவனாம்பட்டினம். சுனாமி வந்த அன்று காலையில் அங்கேதான் இருந்தேன். அலைச் சத்தம் கேட்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

மாடி வீட்டுத் தம்பி: தெரியாமல் சொல்லிவிட்டேன் அக்கா. பீச் வேண்டாம்.

ஹெச்.எம். சார்: என் வீட்டு போர்ட்டிகோ சும்மாதான் கிடக்கிறது. காரை விற்றாயிற்று. இருபது பேர் தாராளமாக உட்காரலாம்.

யோகா டீச்சர்: நல்லது சார். மாடியில் வைத்தால் ஏறி வர முடிகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். அக்கா, ஒன்று சொல்கிறேன். எங்கே நடந்தாலும் கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று இல்லை. எதிரில் இருக்கும் துளசிச் செடியைப் பார்த்துக்கொண்டிருங்கள், போதும். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குப் படபடப்பு கூடிவிடும். வீசிங் உள்ளவர்களுக்கும் அப்படி ஆவதுண்டு. அவர்கள் மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டுப் பாதத்தைக் கவனிக்கலாம். குதிகால் எங்கே அழுந்துகிறது, தரை சில்லென்று இருக்கிறதா, எந்தக் கால் அதிகம் தாங்குகிறது என்று பார்த்தால் ஆயிற்று. பிடிக்கவில்லையா, எழுந்து தெருவில் ஒரு நடை போய் வரலாம். ஏன் போனாய் என்று யாரும் கேட்கக் கூடாது. இதை முதல் விதியாக வைத்துக்கொள்வோம்.

பூக்கார அக்கா: அப்படி என்றால் வந்து பார்க்கிறேன். பூ கட்டும்போது எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது டீச்சர். கை மட்டும் ஓடும். அது மாதிரியா இது?

யோகா டீச்சர்: கிட்டத்தட்ட அதேதான் அக்கா. உங்களுக்குப் பாதி பாடம் முடிந்தது.

வெள்ளி

மாடி வீட்டு மாமா (காலை 5:50): பலமுறை பகிரப்பட்டது: 48 நாள் கபாலபாதி! சர்க்கரை, பிரஷர் இரண்டும் ஓடிவிடும்! மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள்! பத்துப் பேருக்கு அனுப்பவும்!

மருந்துக்கடை அண்ணன்: மாமா, வியாபாரம் போய்விடுமே என்று சொல்வதாக நினைக்காதீர்கள். போன மாதம்தான் உங்கள் பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். அதை நிறுத்திவிட்டு வயிற்றைக் குத்திக் குத்தி மூச்சு விட்டால் என்ன ஆகும் என்று அவரிடமே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மாடி வீட்டு மாமா: நான் படிக்கவே இல்லைப்பா. வந்தது, அனுப்பினேன்.

யோகா டீச்சர்: பிரஷர் இருப்பவர்களுக்குக் கபாலபாதி வேண்டாம். மூச்சை அடக்கி வைப்பதும், தலையைத் தொங்கவிடுவதும் வேண்டாம். கண்ணில் பிரஷர் என்று சொட்டு மருந்து போடுகிறவர்களும் தலையைக் கீழே கொண்டுபோகக் கூடாது, கண்ணில் அழுத்தம் கூடும். படுத்து எழும்போது சட்டென்று எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து எழ வேண்டும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குத் தலைசுற்றல் வருவதே அந்த இடத்தில்தான். மாத்திரை எதையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது.

மருந்துக்கடை அண்ணன்: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வராதீர்கள். சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கி வியர்த்தால் உடனே சொல்ல வேண்டும்.

பேக்கரி பாய்: டீச்சர், எனக்கும் வர ஆசை. ஓம் சொல்லியே ஆகணுமா?

யோகா டீச்சர்: இல்லை பாய். வாயை மூடி ம்ம்ம் என்று நீளமாக ரீங்காரம் விட்டால் போதும், சத்தமே இல்லாமலும் விடலாம். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். அது திணறலாக இருந்தால் மூன்றுக்கு நாலு.

பேக்கரி பாய்: அப்போ சரி, வந்துவிடுகிறேன்.

கோடி வீட்டுத் தங்கை: நானும் வருகிறேன். சார் வீட்டுப் போர்ட்டிகோவுக்கு இரண்டு படி இருக்கிறதே, என் வீல்சேர் எப்படி ஏறும்?

ஹெச்.எம். சார்: பக்கத்தில் ஸ்கூட்டர் ஏற்றும் சாய்தளம் இருக்கிறதம்மா.

கோடி வீட்டுத் தங்கை: ஸ்கூட்டர் ஏறினால் நானும் ஏறுவேன். ஒன்று மட்டும் டீச்சர். எனக்கென்று தனியாக ஓரத்தில் இடம் போட்டு, பாவம் அவள் கையை மட்டும் ஆட்டட்டும் என்று விடக் கூடாது. ஏற்கனவே ஒரு வகுப்பில் அப்படித்தான் நடந்தது.

யோகா டீச்சர்: மாட்டேன். இங்கே பாதிப் பேர் நாற்காலியில்தான். நீ பிரேக் போட்டுக்கொண்டு நடுவில் இரு. கையைத் தூக்குவது, இடுப்பைத் திருப்புவது, பக்கவாட்டில் சாய்வது, மூச்சு, கடைசியில் தளர்ந்து இருப்பது எல்லாம் உனக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுதான். நான் குதிகாலை உயர்த்தி நிற்கச் சொல்லும்போது, நீ இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி முதுகை நிமிர்த்தி உயர்த்து. தோள் வலித்தால் நிறுத்திவிடு.

டெய்லர் அண்ணன்: ரெடிமேட் கிடையாது, ஆளுக்கு ஆள் அளவெடுத்துத்தான் என்று சொல்லுங்கள். நம்ம தொழில்.

எதிர் வீட்டுத் தங்கச்சி: எனக்கு ஆறாம் மாதம் அக்கா. வரலாமா?

யோகா டீச்சர்: டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாம்மா. குப்புறப் படுப்பதும் நேராக மல்லாந்து கிடப்பதும் உனக்கு வேண்டாம். கடைசியில் எல்லாரும் சவாசனத்தில் மல்லாந்து படுத்திருக்கும்போது, இடது பக்கம் ஒருக்களித்து முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்.

கோடி வீட்டு அத்தை: என் முட்டிக்கு என்ன வைத்திருக்கிறாய்? முட்டியை மடக்கி உட்காரும் வஜ்ராசனம் என்றால் இப்போதே சொல்லிவிடு.

யோகா டீச்சர்: வஜ்ராசனம் உங்களுக்கு இல்லவே இல்லை அத்தை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்து, ஐந்து எண்ணும் வரை வையுங்கள். தொடை மேல் கையை வைத்துப் பாருங்கள், முட்டிக்குச் சற்று மேலே சதை இறுகும். முட்டியைத் தாங்குவது அந்தச் சதைதான். அப்புறம் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகலாம். முதலில் ஊன்றியே எழுங்கள், தப்பில்லை.

கோடி வீட்டு அத்தை: இதைச் செய்வேன். சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாமா?

யோகா டீச்சர்: காலுக்குச் சரி. மனசுக்கு ஆகாது.

கோடி வீட்டு அத்தை: மனசா? அது சீரியல் இல்லாமலே ஓடும். கண்ணை மூடினால் சீட்டுப் பணம்தான் வருகிறது.

யோகா டீச்சர்: வரட்டும். வந்தால் “சீட்டு” என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். திருப்பாதிரிப்புலியூர் ரயில் ஊதினால் “ரயில்”. நூறு தடவை போனாலும் நூறு தடவை திரும்பி வரலாம். எண்ணமே வராமல் உட்கார்ந்திருப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஹெச்.எம். சார்: மனவளக்கலை மன்றத்தில் வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி கற்றுப் பல வருஷமாகச் செய்கிறேன். அதிலும் கடைசியில் உடல் தளர்த்தும் பயிற்சி உண்டு. அதைத்தான் நான் அவசரத்தில் விட்டுவிடுவேன்.

யோகா டீச்சர்: எல்லாரும் அதைத்தான் விடுகிறார்கள் சார். சரி, இன்று ராத்திரிக்கு வீட்டுப்பாடம். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து நாடி பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். துடிப்பில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று எழுதுங்கள்.

டெய்லர் அண்ணன் (இரவு 9:30): எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் பையன், “இழுக்கும்போது டக்டக்னு வேகமா அடிக்குது, விடும்போது லேட்டா அடிக்குதுப்பா” என்கிறான். பயந்துபோய் இரண்டு தடவை செய்யச் சொன்னேன். அதேதான் சொல்கிறான். ஏதாவது கோளாறா?

யோகா டீச்சர்: கோளாறே இல்லை அண்ணே, அவன் சரியாகப் பிடித்துவிட்டான். இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகும், விடும்போது தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிடிக்கிற பிரேக் அது. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறையும். நீளமாக மூச்சு விட்டால் படபடப்பு அடங்குவது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை இதை எல்லாருக்கும் அவனே சொல்லிக்கொடுக்கட்டும். சின்னப் பிள்ளைகளைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் அடுத்தவனைக் கிள்ளுவார்கள். வேலை கொடுத்தால் அடங்குவார்கள்.

டெய்லர் அண்ணன்: இப்போது வீட்டில் எல்லார் கையையும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாட்டியைத் தூங்கவிடவில்லை.

சனி

யோகா டீச்சர்: நாற்காலி கணக்குச் சொல்லுங்கள். சக்கரம் வைத்ததும் மடக்குகிறதும் வேண்டாம். கைப்பிடி இருந்தால் எழுவதற்கு உதவும். டைல்ஸில் வழுக்கும், அதனால் எல்லா நாற்காலியும் சுவரை ஒட்டித்தான். கீழே ஜமுக்காளம் விரிக்காதீர்கள், அதோடு சேர்ந்து நகரும்.

ஹெச்.எம். சார்: என்னிடம் நாலு.

டெய்லர் அண்ணன்: மூன்று. ஒன்றில் பின்கால் லேசாக விரிந்திருக்கிறது. ஒல்லியானவர்கள் யாராவது உட்காரலாம்.

யோகா டீச்சர்: அதைக் கொண்டே வராதீர்கள் அண்ணே.

மருந்துக்கடை அண்ணன்: கடையிலிருந்து இரண்டு. பிரஷர் பார்க்கிற மெஷினும் எடுத்து வருகிறேன்.

பேக்கரி பாய்: சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வருவதற்கு முன் சாப்பிட ரஸ்க் வேண்டும் என்றால் இன்றே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். பன் பட்டர் ஜாம் வகுப்பு முடிந்த பிறகுதான்.

மாடி வீட்டு மாமா: பன் பட்டர் ஜாம் எல்லாருக்குமா?

கோடி வீட்டு அத்தை: நைட்டி மேல் துண்டு போட்டு வரலாம் இல்லையா?

யோகா டீச்சர்: தாராளமாக. தரையில் தடுக்காத நீளம் என்றால் சரி.

ஹெச்.எம். சார்: காலை 5:45க்குக் கேட் திறந்திருக்கும். நாயைப் பின்பக்கம் கட்டிவிடுகிறேன். குரைத்தால் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், இன்னும் குரைக்கும்.