பயப்படுகிற நாளில்

ஆபத்து வேளையில் ஜெபித்த மாத்திரத்தில் பயம் நீங்கி மனம் அமைதியடைந்தது என்று பலர் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவற்றை நான் மனதார நம்புகிறேன். எனக்கு நேர்ந்தது வேறு விதம். ஜெபித்த பின்பும் என் கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. விசுவாசக் குறைவினால்தான் இன்னும் பயப்படுகிறோமோ என்று உள்ளூரக் கலங்குகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு நிமோனியா முற்றியதால் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். ஓர் இரவு அவளுடைய இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிவிழுவதையும், முகமூடியின் உட்புறத்தில் ஆவி படிந்து மறைவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறு வயது முதல் மனப்பாடமாக இருந்த வசனங்களில் ஒன்றுகூட நாவில் வரவில்லை. கடைசியில் 56-ஆம் சங்கீதத்தின் ஒரு வரி மட்டும் வந்தது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பகைவரான பெலிஸ்தர் தங்கள் காத் ஊரில் தாவீதைப் பிடித்தபோது பாடப்பட்டது என்று அந்தச் சங்கீதத்தின் தலைப்பே சொல்கிறது, அங்கே அவர் ஆகீஸ் ராஜாவுக்கு மிகவும் பயந்தார் என்று சாமுவேலின் முதலாம் புத்தகமும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. பயந்த மனிதரின் ஜெபம் என்பதனால்தானோ என்னவோ, அது என் வாயில் நின்றது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, செவிலியர் கேட்டபடி மகளை நிமிர்த்திப் பிடித்திருந்தேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தைப் பின்னர் வாசித்தபோது, முன்பு கவனியாமல் கடந்துபோன பலவற்றைக் கண்டேன். பவுலும் அவருடன் 275 பேரும் இருந்த கப்பல் பல நாட்கள் புயலில் அலைக்கழிக்கப்படுகிறது. தேவதூதன் அவரிடம் முதலில் சொல்வது, "பவுலே, பயப்படாதே" என்பதே. பயமே இல்லாதவரிடம் அப்படிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது என்று நான் எண்ணுகிறேன். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்ற வாக்கைப் பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை: படகில் தப்பிவிட முயன்ற மாலுமிகள் கப்பலில் தங்கினால்தான் மற்றவர்கள் பிழைக்கக்கூடும் என்று போர்வீரர்களின் தலைவனான நூற்றுக்கு அதிபதியை எச்சரிக்கிறார்; பதினான்கு நாட்களாகச் சாப்பிடாதிருந்தவர்களைச் சாப்பிடும்படி வேண்டி, தாமே அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாகத் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்திப் புசிக்கிறார். கப்பல் உடைந்தது, ஆனால் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால், அந்த அதிகாரத்தைத்தான் அவர்களுக்குக் காட்டுவேன்.

என் மகள் தேறினாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த இளைஞர் தேறவில்லை. அவருடைய தாயாரும் என்னைப் போலவே, ஒருவேளை என்னைவிட அதிகமாக, ஜெபித்தவர். ஆகையால் என் ஜெபத்தின் வல்லமையால் மகள் பிழைத்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேவன் இரங்கினார் என்று மட்டுமே சொல்வேன். தம் மகன் மறைந்த பின்னரும் அந்த அம்மா என் மகளின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுத்தான் போனார். பல மாதங்கள் கழித்து, அது எப்படி உங்களால் முடிந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவரை விட்டால் நான் யாரிடம் போய் அழுவேன், அம்மா?" என்றார்.

கேட்டது கிடைக்காமல் போன பின்னும் கர்த்தரைப் பற்றிக்கொண்டவர்களின் சாட்சிகள் நம்மிடையே மிகவும் அரிதாகவே பகிரப்படுகின்றன. அப்படிப்பட்டவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்த அம்மாவுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. நீங்கள் எழுதுவதை நான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.