நீர்தங்கு வளையம்: ஒரு முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். விண்மீனைச் சுற்றித் தண்ணீர் நிற்கக்கூடிய தூரத்தில் இருக்கிற பகுதிக்கு, ஆங்கிலத்தில் habitable zone என்பதற்கு, நம் கலைச்சொல் குழுவில் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். மூன்று நாளாக அதைப் பற்றிய எல்லோருடைய மடல்களையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். வயலில் தண்ணீர் முறை எங்களுக்கு வந்திருந்ததால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை.

> 'வாழ்தகு மண்டலம்' நல்ல சொல்தானே, ஏன் மாற்ற வேண்டும்?

சொல் அழகாகத்தான் இருக்கிறது. வகுப்பில்தான் காலை வாருகிறது. போன கிழமை பத்தாம் தரத்தில், பாடத்திட்டத்துக்கு வெளியே, வேறு விண்மீன்களைச் சுற்றுகிற புறக்கோள்களையும் இந்த 'வாழ்தகு மண்டலத்தையும்' பற்றிக் கொஞ்சம் சொன்னேன். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அப்ப அங்க ஆக்கள் இருக்கினமோ?" என்றாள். தெரியாது என்றேன். "நாங்கள் போய் இருக்கலாமோ?" அதுவும் தெரியாது என்றேன். "பிறகேன் சேர் வாழ்தகு எண்டு பேர்?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவள் கேட்டது சரி. நாம் பெயர் தேடுகிற இந்தக் கருத்து உயிரை அளப்பதே இல்லை. ஒரு விண்மீனில் இருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு கோள் இருந்தால், தகுந்த வளிமண்டலமும் இருக்கும் பட்சத்தில், அதன் மேற்பரப்பில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும்? கேள்வி அவ்வளவுதான். பூமிக்கும் சூரியனுக்கும் இடைத்தூரத்தை 1 என்று வைத்தால், 1993இல் காஸ்டிங் என்ற ஆய்வாளரின் குழு போட்ட கணக்கில் இந்த வளையம் 0.95 முதல் 1.37 வரை. 2013இல் கொப்பரப்பு என்ற ஆய்வாளரின் குழு திருத்திப் போட்ட கணக்கில் உள் எல்லை 0.99 ஆனது, வெளி எல்லை 1.7க்குக் கிட்டப் போனது. செவ்வாய் இருப்பது 1.52இல். அதாவது முதல் கணக்கில் செவ்வாய் வெளியே, அடுத்த கணக்கில் உள்ளே. செவ்வாய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, எல்லைக்கல்தான் நகர்ந்தது. காணிப் பிணக்குப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது புதுமை இல்லை.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. ஒரு காணி குளத்தின் கீழ் வருகிறதென்றால் வாய்க்கால் தண்ணீர் அங்கே ஏறும் என்று அர்த்தம். விளைந்தது என்று அர்த்தம் இல்லை. வரம்பு உடைந்து கிடந்தால் வந்த தண்ணீர் நிற்காது. நின்றாலும் விதைநெல், உரம், யானை என்று ஆயிரம் பாடு இருக்கிறது. செவ்வாய் வரம்பில்லாத வயல். அதன் வளியமுக்கம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீரை ஊற்றினால் உறையும் அல்லது ஆவியாகிவிடும். நிலாவும் நம்மோடு சேர்ந்து வளையத்துக்குள்தான் சுற்றுகிறது. வரம்பே கட்டாத பொட்டல். பூமியைக் காப்பாற்றுவதும் தூரம் மட்டும் இல்லை: காபனீரொட்சைட்டும் நீராவியும் போர்த்தியிராவிட்டால் நம் சராசரி வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குப் பதிலாக மறை 18 (-18) பாகையில் கிடந்திருக்கும். அதே போர்வை மிஞ்சிப்போனதால் வெள்ளியில் 460 பாகைக்கு மேல்.

மறுபக்கமும் உண்டு. வாய்க்கால் ஏறாத மேட்டுக்காணியிலும் கிணறு வெட்டினால் தண்ணீர் வரும். வியாழனின் யுரோப்பா, சனியின் என்செலடஸ் இரண்டும் வளையத்துக்கு வெகு வெளியே இருக்கிற நிலாக்கள். அவற்றின் பனி ஓட்டுக்குக் கீழே கடல் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. உயிர் இருந்தால் அங்கேயும் இருக்கலாம். அப்போது 'வாழ்தகு மண்டலத்துக்கு வெளியே வாழ்வு' என்று எழுதப் போகிறோமா?

ஆகவே தண்ணீரைச் சொல்கிற சொல் வேண்டும். என் முன்மொழிவு: நீர்தங்கு வளையம்.

> 'தங்கு' என்றால் ஏற்கெனவே தண்ணீர் தங்கியிருப்பதாகத் தோன்றாதா?

வினைத்தொகை அண்ணா, காலம் காட்டாது. போத்தலில் இருப்பதை யாரும் இன்னும் குடிக்கவில்லை, ஆனாலும் அது குடிநீர். அதே நியாயம் 'வாழ்தகு'வுக்கும் பொருந்தாதா என்று மடக்குவீர்கள். பொருந்தாது. வாழத் தக்கது என்று சொல்ல நூறு விடயம் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு பார்ப்பது ஒன்றைத்தான், அதைத்தான் பெயரும் சொல்ல வேண்டும். 'திரவ நீர்' என்று இழுக்கவும் தேவையில்லை. தமிழில் நீர் என்றாலே ஓடுவதுதான், மற்றவை பனிக்கட்டி, நீராவி.

சூடும் குளிரும் மிஞ்சாத கஞ்சியைத் தேடிக் குடித்த கோல்டிலொக்ஸ் என்ற சிறுமியின் கரடி வீட்டுக் கதையை வைத்து 'கோல்டிலொக்ஸ்' என்று அப்படியே எழுதலாம் என்ற யோசனையை விட்டுவிடுவோம். முதலில் அந்தக் கதையைச் சொல்லி முடிக்கவே ஒரு பாடவேளை போய்விடும்.

இனி வலயம். எங்கள் பாடநூல் வழக்கில் 'வலயம்' தான் இயல்பு. உலர் வலயம், கல்வி வலயம் என்றுதான் படித்தோம். தமிழ்நாட்டு நண்பர்கள் 'மண்டலம்' என்கிறார்கள். நான் இரண்டையும் தவிர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பாடக்குறிப்பை வீட்டில் சத்தமாக வாசித்தபோது அம்மா அடுப்படியில் இருந்து, "எந்த வலயம்? பாதுகாப்பு வலயமோ?" என்று கேட்டா. 2009இல் போர் நடுவில், அரசு அறிவித்த அந்தப் பெயரை நம்பி உடையார்கட்டுக்கும் பிறகு மாத்தளனுக்கும் போனவர்கள் நாங்கள். பெயரில் இருந்தது நிலத்தில் இருக்கவில்லை. இது கலைச்சொல் குழுவுக்கு வாதம் ஆகாது என்று தெரியும், ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. வாதம் வேண்டுமென்றால் இது: விண்மீனைச் சுற்றி வளையாகக் கிடக்கிற இடத்துக்கு 'வளையம்' என்பதே வடிவத்தையும் காட்டும். சனியின் வளையத்தோடு குழம்பும் என்றால், முன்னால் 'நீர்தங்கு' நிற்கிறது, குழம்பாது.

வாழத் தக்க தன்மையைக் குறிக்கிற 'வாழ்தகைமை' என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதைத் தனிக் கோளுக்கு வைத்துக்கொள்வோம். 2016இல் கண்டுபிடித்த புரொக்சிமா பி என்ற புறக்கோள் நீர்தங்கு வளையத்துக்குள் இருக்கிறது. 11 நாளில் ஒரு சுற்று. அதன் சிவப்பு விண்மீன் அடிக்கடி சீறி எரிகிறது, ஆகவே அதன் வாழ்தகைமை சந்தேகம். இப்படி ஒரே பந்தியில் இரண்டு சொல்லும் சண்டை பிடிக்காமல் நிற்கின்றன, பாருங்கள்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள். திங்கட்கிழமை முதலாவது பாடவேளை பத்தாம் தரம். அந்தப் பிள்ளை முன்வாங்கில்தான் இருப்பாள்.