24 வயதும் 58 வயதும் ஒரே டீமில்: இது தலைமுறை இடைவெளிதானா?

மூணாவது_மாடி:

11 பேர் டீம், வயசு 24லேர்ந்து 58 வரைக்கும். உரசல் திரும்பத் திரும்ப மூணு இடத்துல வருது. சீனியர்கள் எதுக்கெடுத்தாலும் போன் பண்றாங்க. சின்னவங்க எடுக்காம, "என்ன விஷயம்?"னு சாட்ல கேக்கறாங்க. அது மரியாதை இல்லைன்னு புகார். அடுத்தது, செஞ்ச வேலை நல்லா இருக்கா இல்லையான்னு யாரும் சொல்றதில்லைன்னு சின்னவங்களுக்குக் குறை. கடைசியா, 58 வயசுக்காரர் இன்னும் 7 மாசத்துல ரிட்டயர் ஆறார். அவர் செய்யறது எதுவும் எழுத்துல இல்லை.

பிறந்த வருஷத்தை வெச்சு பூமர், மில்லினியல், ஜென் இசட்னு தலைமுறையா பிரிச்சு ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைக்கலாம்ங்கறாங்க எச்.ஆர்.ல. பிரயோஜனம் உண்டா?

அளவுகோல்:

அந்த வகுப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயது, சர்வே எடுக்கும் ஆண்டு, பிறந்த ஆண்டு மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். அதனால் இன்று ஒரு சர்வே எடுத்து "இளையவர்கள் இப்படித்தான்" என்று கண்டால், அதற்குக் காரணம் அவர்கள் பிறந்த ஆண்டா, வெறும் இளமையா என்று அந்த ஒரு சர்வேயை வைத்துப் பிரிக்க முடியாது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓர் இடத்தில் நிலைப்பதில்லை" என்ற புகாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957க்கும் 1964க்கும் இடையே பிறந்தவர்களை அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. அவர்கள் சராசரியாக 12 வேலைகளுக்கு மேல் பார்த்தவர்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி 25 வயதுக்கு முன்பே பார்த்தவை! ஆக, இளமையில் வேலை மாறுவது அந்தத் தலைமுறையிலும் இருந்ததுதான். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2020 அறிக்கையும் தலைமுறை முத்திரையை வைத்துப் பணியாளர் நிர்வாகம் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது.

ஒரு சின்னச் சோதனை. வருகிற புகாரில் வயதை அடித்துவிட்டு, "சேர்ந்து 2 வருடம் ஆகாதவர்", "முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவர்", "பகலில் வெளியே அலைபவர்" என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால் தலைமுறையை விட்டுவிட்டு அந்தக் காரணத்தைப் பிடியுங்கள். உங்கள் இரண்டாவது உரசல் அப்படித்தான் தெரிகிறது. வேலைக்குப் புதியவர் யாராக இருந்தாலும் தான் செய்தது சரியா என்று கேட்கத்தான் செய்வார்.

பழைய_பேனா:

போன் சண்டைக்கு நான் சொல்றேன். ரெண்டு பக்கமும் ஒரு எழுதாத விதியை மனசுல வெச்சுக்கிட்டு, அதை மத்தவங்க மீறுறதா நினைக்கறாங்க. அந்த விதியை எழுதிடுங்க. ஒரே பக்கம், அரை மணி நேர மீட்டிங் போதும்.

15 நிமிஷத்துக்குள்ள பதில் இல்லாட்டி வேலை நிக்கும்னா போன். இன்னிக்குள்ள போதும்னா சாட், பதிலுக்கு 4 மணி நேரம். பின்னாடி ஆதாரமா வேணும்னா மெயில், பதிலுக்கு ஒரு வேலை நாள். போன்ல பேசி முடிவானதை, பேசினவர் ரெண்டு வரியில சாட்ல போடணும். இந்தக் கடைசி விதியை விட்டீங்கன்னா மத்ததெல்லாம் வீண், "அப்படி நான் சொல்லவே இல்லையே"ன்னு அடுத்த சண்டை வரும்.

அவசரமில்லாத போனுக்கு முன்னாடி ஒரு வரி: "ஸ்டாக் கணக்கு பத்தி, 5 நிமிஷம், இப்ப பேசலாமா?" அதே மாதிரி சாட்ல வெறும் "ஹலோ" போட்டுட்டுக் காத்திருக்கறதும் கூடாது, விஷயத்தை அதே மெசேஜ்லயே எழுதணும். ராத்திரி தோணினதை நேரம் குறிச்சு காலையில போற மாதிரி வெக்கலாம். வாய்ஸ் நோட்ல வேலை உத்தரவு வேண்டாம், அதுல தேடி எடுக்கறது பெரும்பாடு.

"சரி."ன்னு புள்ளி வெச்சா கோபம்னு ஒருத்தர் படிப்பார், எழுதினவருக்கு அது வெறும் இலக்கணம். கட்டைவிரல் எமோஜியும் அப்படித்தான், ஒருத்தருக்கு "பார்த்தாச்சு", இன்னொருத்தருக்கு "செஞ்சுடறேன்". உங்க டீம்ல எதுன்னு அந்தப் பக்கத்துலயே எழுதிடுங்க.

இது எங்க கெட்டுப்போகும்னா, மேனேஜரே மூணாவது நாள் விதியை மீறுவார். 30 நாள் கழிச்சு எது ஒத்துவரலைன்னு பார்த்துத் திருத்துங்க. இன்னொண்ணு, சாட் படிக்கலைன்னு சீனியரைத் திட்டறதுக்கு முன்னாடி அவர் போன்ல எழுத்தோட அளவைப் பாருங்க. 40 தாண்டினா வெள்ளெழுத்து வரும், அதுக்குத் தலைமுறை என்ன பண்ணும்?

ஏணிப்படி:

மூன்றில் அவசரமானது ஓய்வு பெறுபவர் விஷயம்தான். "எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். 80 பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். பல வருடம் செய்தவருக்குக் கை தானாகப் போகும் இடங்கள்தான் முக்கியம், எழுத உட்கார்ந்தால் அவை அவர் நினைவுக்கே வராது.

முதல் வாரம் 12 மாத நாட்காட்டியில் அவர் செய்யும் வேலைகளைக் குறியுங்கள். 7 மாதம்தான் இருக்கிறது, ஆகவே மீதி 5 மாதத்தில் வருகிற ஆண்டு வேலைகளை அவர் இடத்துக்கு வரும் வாரிசு ஒருமுறைகூடப் பார்க்கப் போவதில்லை. அவற்றைப் போன வருடக் கோப்புகளை வைத்து ஒத்திகையாகச் செய்ய வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

2, 3ஆம் மாதம் அவர் செய்ய, வாரிசு பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். குறிப்பை எழுதுவது வாரிசு, திருத்துவது பெரியவர். 4, 5இல் வாரிசு செய்ய வேண்டும், பெரியவர் கீபோர்டைத் தொடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி "எப்படிச் செய்வீங்க?" அல்ல. "எதைப் பார்த்தா ஏதோ சரியில்லைன்னு தோணும்?", "இந்த விதியை எப்ப மீறுவீங்க?", "மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். 6ஆம் மாதம் அவருக்கு இரண்டு வாரம் விடுப்பு கொடுத்து, நின்றுபோகும் வேலைகளைப் பட்டியலிடுங்கள். 7ஆம் மாதம் அந்தப் பட்டியலுக்கு. வாரிசு ஒருவராக மட்டும் இருந்தால், அவரும் ராஜினாமா கொடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு பேரைப் போடுங்கள்.

மூணாவது_மாடி:

வகுப்பு வேண்டாம்னு சொல்லியாச்சு. அதுக்குப் பதிலா, இளையவர் சீனியருக்குக் கத்துக்கொடுக்கற ரிவர்ஸ் மென்டரிங் வைக்கலாமாங்கறாங்க.

அளவுகோல்:

1999இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஜாக் வெல்ச் அங்கே உயர் அதிகாரிகளுக்கு இணையம் கற்றுக்கொடுக்க இளையவர்களை அமர்த்தியதிலிருந்து பிரபலமான முறை. ஆனால் சீனியர் என்றாலே கம்ப்யூட்டர் தெரியாதவர் என்று தொடங்கினால் முதல் நாளே முறிந்துவிடும். பிரிண்டர் ரிப்பேர் பார்க்கும் வேலையாகவும் சுருங்கிவிடும். ஜோடியில் ஒருவர் மற்றவரின் வேலைக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. இரு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம், 6 சந்திப்பு, ஒன்றில் இவர் தலைப்பு, அடுத்ததில் அவர் தலைப்பு. 11 பேர் டீமில் அப்படி மதிப்பெண் போடும் உறவு இல்லாத ஜோடி கிடைப்பது கஷ்டம், பக்கத்து டீமோடு சேர்ந்து செய்யுங்கள்.

பழைய_பேனா:

வேலை எப்படி இருந்ததுன்னு சொல்றதுக்கும் இதே மாதிரி சின்னதா ஒண்ணு போதும். வேலை முடிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள, தனியா, 10 நிமிஷம். எதை அப்படியே வெச்சுக்கணும், எதை மாத்தணும், மாத்தினதை எப்பப் பார்ப்போம். சீனியர்களுக்கும் இதையே செய்யுங்க. ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்னு பழகினவங்களுக்கும், கடைசியா பாராட்டு கேட்டு எத்தனை வருஷம் ஆச்சோ!